எந்தக் கடுகோடு எந்தக் கடுகை ஒப்பிடுவது?

மரபணு மாற்றக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2024 ஜூலை 23 அன்று இருவேறு தீர்ப்புகளை வழங்கினர். டி.எம்.எச்.–11 எனும் வீரிய ஒட்டுக் கடுகைச் சுற்றுச்சூழலில் வெளியிடுவதற்கு 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு அளித்த அனுமதியை நீதிபதி பி.வி.நாகரத்னா ரத்து செய்தார். அனுமதி செல்லும் என்றார் நீதிபதி சஞ்சய் கரோல். மரபணு மாற்றப் பயிர்கள் குறித்து ஒன்றிய அரசு தேசியக் கொள்கை ஒன்றை வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். அதன்பின் இவ்விவகாரம் நாளேடுகளின் உள்பக்கங்களுக்கு நகர்ந்துவிட்டது. நமது அணிகளுக்குள் விவாதம் ஓயவில்லை.

அந்த விவாதத்தில் இரு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. அறிவியலின் புதுமையை எதிர்ப்பது இடதுசாரிகளுக்கு அழகன்று, ஆகவே ஆதரிக்க வேண்டும் என்பது ஒன்று. இது விதை ஏகபோகத்தின் சூழ்ச்சி, ஆகவே எதிர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. கட்சி ஆவணங்களையும் விவசாய சங்கத் தீர்மானங்களையும் பல்லாண்டுகளாகத் தமிழாக்கி வருபவன் என்ற முறையில் இரு தரப்பு உரைகளையும் சொல் சொல்லாகக் கடக்க நேர்ந்தவன் நான். இரு தரப்பும் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும் ஓர் எளிய வினா உண்டு. 28 சதவீதம் கூடுதல் மகசூல் என்கிறார்களே, அது எதைவிடக் கூடுதல்?

பயிர் ஆராய்ச்சியில் 'ஒப்பீட்டு இரகம்' என்றொரு சொல் உண்டு. புதிய இரகம் ஒன்றைச் சோதிக்கும்போது, அதே வயலில், அதே பருவத்தில், அதே உரமும் நீரும் இட்டு, ஏற்கெனவே புழக்கத்திலுள்ள ஓர் இரகத்தையும் பக்கத்துப் பாத்திகளில் விதைப்பார்கள். எந்தப் பாத்தி எதற்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் முறைவைப்பின்றி ஒதுக்குவார்கள். வளமான மூலை முழுவதும் ஒரே இரகத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நூறாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் வகுத்த முறை இது. ஆக, புதிய இரகத்தின் வெற்றி தோல்வி அதன் குணத்தை மட்டும் பொறுத்ததன்று. பக்கத்துப் பாத்தியில் யார் நிற்கிறார் என்பதையும் பொறுத்தது.

டி.எம்.எச்.–11க்குப் பக்கத்தில் நின்றது வருணா. கான்பூரில் உருவாகி 1970களின் நடுவில் வெளியான இரகம். நல்ல இரகம்தான், தலைமுறை தலைமுறையாக வட இந்திய உழவர்களின் வயலில் நின்று பெயர் வாங்கியது. ஆனால் சோதனைகள் நடந்த 2010–11க்கும் 2014–15க்கும் இடைப்பட்ட காலத்தில் அதன் வயது ஏறத்தாழ நாற்பது. அது தூய வழி இரகம். வீரிய ஒட்டு அன்று. இரு வேறு பெற்றோரைக் கலந்து பெறும் முதல் தலைமுறைக்கு ஒட்டு வீரியம் என்ற இயல்பான ஊக்கம் உண்டு என்பதை உயிரியல் மாணவர் எவரும் அறிவர். ஒரு வீரிய ஒட்டைத் தூய வழி இரகத்தோடு ஒப்பிட்டு 28 சதவீதம் மிகுதி என்றால், அந்த மிகுதியில் ஒட்டு வீரியத்தின் பங்கு எவ்வளவு, புகுத்தப்பட்ட மரபணுக்களின் பங்கு எவ்வளவு?

இந்த வினாவுக்கு விடை, மரபணுக்களின் பங்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்பதே. இதை எதிர்ப்பாளர்களின் கூற்றாக எழுதவில்லை. இத்தொழில்நுட்பத்தின் இயக்கமே அதுதான்.

கடுகுப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். எனவே இரு இரகங்களைக் கலந்து பேரளவில் ஒட்டு விதை எடுப்பது கடினம். பெண் பெற்றோரின் மகரந்தத்தை முதலில் முடக்க வேண்டும். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த பார்னேஸ் என்ற மரபணு மகரந்தம் உருவாவதைத் தடுக்கிறது. அதே பாக்டீரியாவின் பார்ஸ்டார் மரபணு ஆண் பெற்றோர் வழியாக வந்து, பிறக்கும் ஒட்டுச் செடியில் அத்தடையை நீக்குகிறது. மூன்றாவதாக வேறொரு பாக்டீரியாவிலிருந்து வரும் பார் மரபணு, குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் ஆற்றலைத் தருகிறது. விதை உற்பத்தி வயலில் அக்களைக்கொல்லியைத் தெளித்து, பெண் வரிசையில் நிற்கும் தேவையற்ற செடிகளைக் கொன்றுவிடலாம். ஆக, மூன்று மரபணுக்களும் ஒட்டு விதை தயாரிக்கும் கருவிகள். கதிரில் ஒரு மணியைக்கூட அவை கூட்டுவதில்லை. வருணாவையும், கிழக்கு ஐரோப்பிய மரபில் வந்த எர்லி ஹீராவையும் இணைத்ததில் கிடைத்த வீரியமே மகசூலைக் கூட்டுகிறது.

ஒட்டு விதை தயாரிக்க வேறு கருவிகள் இல்லையா? உண்டு. செல்லின் திரவப் பகுதியிலுள்ள மரபுக்கூறுகளால் இயல்பாக ஏற்படும் ஆண் மலட்டுத்தன்மையைப் பயன்படுத்தும் முறை நெல்லில், சோளத்தில், கடுகில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. அம்முறையில் உருவான டி.எம்.எச்.–1 என்ற கடுகு ஒட்டு, டி.எம்.எச்.–11ஐ உருவாக்கிய தில்லிப் பல்கலைக்கழகத்தின் அதே ஆய்வுக் குழுவிலிருந்து வந்தது. பரத்பூரிலுள்ள கடுகு ஆராய்ச்சி இயக்ககத்தின் என்.ஆர்.சி.எச்.பி.–506 என்ற ஒட்டும் உண்டு. மரபணு மாற்றம் இல்லாத இவ்விரு ஒட்டுகளும் பக்கத்துப் பாத்தியில் நிறுத்தப்படவில்லை. தூய வழி இரகங்களிலும் பரத்பூரின் கிரிராஜ், ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆர்.எச்.–749, ஆர்.எச்.–725 என்று வருணாவின் பேரப்பிள்ளைகள் வயதுள்ள இரகங்கள் வந்துவிட்டன.

இக்குறை சுட்டப்பட்டபோது ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் அளித்த பதில் கவனத்துக்குரியது. மரபணு மாற்றம் செய்யப்படாத ஒட்டு இரகங்களைவிட டி.எம்.எச்.–11 மேலானது என்று எந்த ஆவணத்திலும் தாங்கள் உரிமை கோரவில்லை என்றது அரசு. ஒப்பீடு தேசிய ஒப்பீட்டு இரகமான வருணாவோடும் மண்டல ஒப்பீட்டு இரகங்களோடும் மட்டுமே, முன்னதைவிட 28 சதவீதமும் பின்னதைவிட 37 சதவீதமும் மிகுதி என்றது. நீதிமன்றத்தில் இவ்வளவு அடக்கம் காட்டியவர்கள், வெளியே வந்ததும் அந்த 28 சதவீதத்தை நாட்டின் எண்ணெய்ப் பற்றாக்குறைக்கே மருந்தாக விற்றார்கள். அடிக்குறிப்பு கழன்று எண் மட்டும் ஊர்வலம் வந்தது.

ஒப்பீடு நேர்மையாக நடக்க வேண்டும் என்று கேட்பது அறிவியலுக்கு எதிரானதென்று கருதும் தோழர்கள் நமது இயக்கத்தின் வரலாற்றையே சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். 1930களில் சோவியத் நாட்டில் லைசென்கோ, விதைகளைக் குளிரூட்டி விதைத்தால் மகசூல் பெருகும் என்று அறிவித்தார். கூட்டுப் பண்ணைத் தலைவர்களுக்குப் படிவங்களை அனுப்பி நிரப்பி வாங்கிய எண்களே அவருடைய சான்று. பக்கத்துப் பாத்தி அங்கே இல்லை, அல்லது பெயரளவுக்கு இருந்தது. முறையான சோதனை கேட்டவர்கள் பிற்போக்காளர்கள் எனத் தூற்றப்பட்டனர். உலகெங்கும் சுற்றி விதைச் செல்வத்தைத் திரட்டிய மாமேதை வாவிலோவ் 1943இல் சராத்தோவ் சிறையில் மாண்டார். ஆட்சியாளர்களின் அவசரத்துக்கேற்ப மகசூல் எண்கள் வளைந்தால் என்ன நேரும் என்பதை நம்மைவிடக் கசப்பாக அறிந்தவர்கள் எவருமில்லை. இன்று அவசரப்படுபவர்கள் வேறு கொடியைப் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவே.

மறுபக்கத் தோழர்களுக்கும் ஒன்று கூற வேண்டும். டி.எம்.எச்.–11 பன்னாட்டு நிறுவனத்தின் கூடத்தில் பிறந்ததன்று. தீபக் பெண்டல் தலைமையிலான தில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தேசியப் பால்வள வாரியம் போன்ற பொது அமைப்புகளின் ஆதரவோடு உருவாக்கியது. 2002இல் புரோஅக்ரோ என்ற தனியார் நிறுவனம் இதே தொழில்நுட்பம் கொண்ட கடுகுக்கு அனுமதி கேட்டபோது மறுக்கப்பட்டது. இருபதாண்டு கழித்துப் பொதுத்துறையின் பெயரால் கதவு திறந்தது என்பது உண்மை. பார்னேஸ்–பார்ஸ்டார் முறை பெல்ஜியத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் பிறந்து, கைமாறிக் கைமாறிப் பேயர் நிறுவனம் வரை சென்றது என்பதும் உண்மை. எனினும் பொதுப் பணத்தில், பொதுப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வைப் பன்னாட்டுச் சூழ்ச்சி என்று ஒரே வீச்சில் தள்ளிவிட்டால், நாளை பொதுத்துறை ஆராய்ச்சிக்கு நிதி கேட்கும்போது நமது குரலில் வலு இராது.

மகசூல் என்னும் சொல்

தமிழ் படித்தவனின் குறுக்கீடு ஒன்றைத் தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். விளைச்சல் என்ற நமது சொல் இருக்க, மகசூல் என்ற அரபுச் சொல் பேச்சிலும் ஏட்டிலும் ஊன்றிவிட்டது. அதே சொல் மராத்தியில் அரசின் வருவாயைக் குறிக்கும். அங்கே வருவாய்த் துறைக்கே மஹ்சூல் துறை என்று பெயர். விளைந்ததை உழவன் பார்க்கும் பார்வையும் கணக்கெடுக்க வந்தவன் பார்க்கும் பார்வையும் ஒரே சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எண்ணெய் வித்துகளின் கணக்கில் இந்த இரட்டைப் பார்வை வெளிப்படையாகவே தெரிகிறது.

ஹெக்டேருக்கு இத்தனை கிலோ விதை என்பதே நாம் கேட்கும் மகசூல். ஆனால் உண்ணப்படுவது எண்ணெய். கடுகு விதையில் ஏறத்தாழ 40 சதவீதம் எண்ணெய். சோயாவில் 18 முதல் 20 சதவீதம். எள்ளில் பாதி எண்ணெய். கடுகின் இந்தியச் சராசரி ஹெக்டேருக்குச் சுமார் 1,400 கிலோ என்று கொண்டால் அதிலுள்ள எண்ணெய் 560 கிலோ. சோயா 1,000 கிலோ விளைந்தால் அதில் எண்ணெய் 200 கிலோவுக்குள் அடங்கும். மீதம் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குச் செல்லும் புண்ணாக்கு. இரண்டையும் 'எண்ணெய் வித்து உற்பத்தி இத்தனை லட்சம் டன்' என்று ஒரே கூடையில் கொட்டி எண்ணுவது அரசின் வழக்கம். 2024 அக்டோபரில் 10,103 கோடி ரூபாயில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய எண்ணெய் வித்து இயக்கமும், 390 லட்சம் டன்னை 2030–31க்குள் 697 லட்சம் டன்னாக்குவோம் என்று விதையின் எடையைத்தான் முதலில் முழங்கியது. (எள்ளின் நெய்யே எண்ணெய் ஆயிற்று என்பது பள்ளிக்கூட இலக்கணம். அந்த எள்ளுக்கு இந்தப் பட்டியலில் இடம் கடைசியில்தான்.)

இன்னொரு வழக்கமான ஒப்பீடு, நமது கடுகை ஐரோப்பாவோடும் கனடாவோடும் நிறுத்திப் பார்ப்பது. ஐரோப்பாவில் ஹெக்டேருக்கு 3,000 கிலோவுக்கு மேல் எடுக்கிறார்கள், கனடாவில் 2,000 கிலோவுக்கு மேல், நாம் 1,400லேயே நிற்கிறோம், மரபணு மாற்றம் இல்லாததே காரணம் என்பர். கனடாவில் மரபணு மாற்றக் கனோலா பரவியிருப்பது சரி. ஐரோப்பாவிலோ மரபணு மாற்றக் கனோலா பயிரிடப்படுவதே இல்லை. அங்குதான் மகசூல் அதிகம்! ஐரோப்பிய இனம் வேறு. அது ஆகஸ்ட் இறுதியில் விதைத்து மறு ஆண்டு ஜூலையில் அறுக்கும் பயிர். நமது கடுகு அக்டோபரில் விதைத்துப் பிப்ரவரி, மார்ச்சில் அறுக்கும் நான்கரை மாதப் பயிர். கனடாவின் பருவம் நம்முடையதைவிடவும் குறுகியது. ஆனால் அங்கே கோடைப் பகல் பதினாறு மணி நேரம் நீள்கிறது. அந்தப் பகலை விதைப் பையில் கட்டி விற்க எந்த நிறுவனத்தாலும் முடியாது.

நாட்டின் கடுகு உற்பத்தியில் ஏறத்தாழ பாதியைத் தரும் ராஜஸ்தானில் பல இடங்களில் ஒன்றிரண்டு தண்ணீர்தான் பயிருக்குக் கிடைக்கிறது. பீகாரிலும் வங்கத்திலும் நெல் அறுவடை தாமதமானால் கடுகு விதைப்பும் தாமதமாகும். பிந்தி விதைத்த கடுகை அசுவினி மொய்த்துவிடும். ராஜஸ்தான், ஹரியானாவில் மர்கோஜா எனும் ஒட்டுண்ணிச் செடி கடுகின் வேரைப் பற்றி உறிஞ்சிப் பல வயல்களை வெறுமையாக்குகிறது. ஆராய்ச்சி நிலையத்து வயலுக்கும் உழவர் வயலுக்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளத்தில் எவ்வளவு தூர்க்க முடியும் என்பதைக் கணக்கிட்டுவிட்டு, அதன்பின் இரகத்தின் பங்கைப் பேசியிருந்தால் விவாதம் ஒழுங்காக நடந்திருக்கும்.

யாருக்குத் தரம்?

மகசூலையாவது தராசில் நிறுக்கலாம். தரம் என்பது யாருடைய நாக்கு, யாருடைய மாடு, யாருடைய ஆலை என்பதைப் பொறுத்தது.

கடுகின் தரத்தை அளக்க உலகச் சந்தை இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது. ஒன்று எண்ணெயிலுள்ள எரூசிக் அமிலம். மற்றொன்று புண்ணாக்கிலுள்ள குளுக்கோசினோலேட் எனும் கந்தகச் சேர்மம். எரூசிக் அமிலம் 2 சதவீதத்துக்குக் குறைவாகவும், குளுக்கோசினோலேட் கிராமுக்கு 30 மைக்ரோமோலுக்குக் குறைவாகவும் இருந்தால் 'இரட்டைப் பூஜ்யம்'. 1970களில் கனடா உருவாக்கிய கனோலா அப்படிப்பட்டது. நமது மரபுக் கடுகெண்ணெயில் எரூசிக் அமிலம் 40 முதல் 50 சதவீதம் வரை இருக்கும். எலிகளுக்கு இவ்வெண்ணெயை மிகுதியாகக் கொடுத்தபோது இதயத் தசையில் கொழுப்பு படிந்ததைக் கண்டே கனடா இந்த வழியில் இறங்கியது. எலிகள் அந்த அமிலத்தைச் செரிப்பதில் மனிதரைவிடத் திறன் குறைந்தவை என்பது பின்னர் தெரிந்தது. ஆயினும் அமெரிக்காவில் இன்றும் கடுகெண்ணெய்ப் புட்டியில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று அச்சிட்டுத்தான் விற்க முடியும். அதை வாங்கிச் செல்லும் வங்காளிகள் இரவு மீன் பொரிக்கிறார்கள்.

நாம் தாளிக்கும்போது கடுகை முழுதாகப் பொரியவிடுவதால் அதன் காரத்தை அறியோம். வங்கத்தில் கடுகை ஈரத்தோடு அரைப்பார்கள். அரைபடும்போது குளுக்கோசினோலேட் உடைந்து, மூக்கில் ஏறும் அந்த நெடி பிறக்கிறது. காசுந்தியும் கடுகரைத்த இலிஷ் மீனும் அந்த நெடியால் வாழ்கின்றன. உலகச் சந்தை குறையென எண்ணும் சேர்மமே கல்கத்தாவின் சமையலறையில் தரம். அதே சேர்மம் மிகுந்த புண்ணாக்கைக் கோழிக்கும் கன்றுக்கும் அதிகம் கொடுக்க முடியாது. உண்ண மறுக்கும், தைராய்டு கெடும். எருமை வைத்திருக்கும் அல்வார் குடும்பத்துக்குக் குளுக்கோசினோலேட் குறைந்த கடுகு நன்மையே. தில்லி பூசா நிறுவனம் எரூசிக் அமிலம் குறைந்த இரகங்களை முதலில் கொண்டுவந்து, பின் பூசா கடுகு 31 என்ற இரட்டைப் பூஜ்ய இரகத்தையும் வெளியிட்டது. இவை மரபணு மாற்றமின்றி, பொதுத்துறையில், மரபான இனக்கலப்பால் வந்தவை. இவற்றைப் பற்றி நமது மேடைகளில் ஒரு சொல்லும் கேட்டதில்லை.

இங்கும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கார நெடி செடிக்குக் கவசம். உடல் முழுவதும் அதைக் குறைத்தால் பூச்சிக்கு இரையாகும். புதுதில்லியின் தேசியத் தாவர மரபுத்தொகுதி ஆய்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கிரிஸ்பர் எனும் மரபணுத் திருத்த முறையால் சில கடத்தி மரபணுக்களை மாற்றி, விதையில் மட்டும் குளுக்கோசினோலேட்டைக் குறைத்து, இலையிலும் காய்ச் சுவரிலும் அதைத் தக்கவைத்தது. என் அறிவுக்கு எட்டியவரை இது அழகான வேலை. தொழில்நுட்பம் என்ற பெயரைக் கேட்டதும் கதவடைப்பவர்கள் இதையும் சேர்த்தே அடைக்கிறார்கள். டி.எம்.எச்.–11க்கோ தரத்தில் இத்தகைய புதுமை எதுவுமில்லை. அமைப்பில் வழக்கமான கடுகை ஒத்தது என்பதே அதன் பாதுகாப்புக்குச் சொல்லப்படும் வாதம்.

ஆக எஞ்சுவது களைக்கொல்லித் தாங்குதிறன். விதை உற்பத்திக்கு மட்டுமே களைக்கொல்லி, உழவர் வயலில் தெளிக்கக் கூடாது என்று அனுமதிக் கடிதம் நிபந்தனை விதித்தது. களைக்கொல்லி தாங்கும் பருத்தி எந்த அனுமதியும் பெறாமலே மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் தெலங்கானாவிலும் பரவியதைக் கண்ட பின்னும் இந்த நிபந்தனையை நம்ப வேண்டுமாம். கடுகு வயலில் களையெடுப்போர் பெரும்பாலும் பெண்கள். பிடுங்கும் களை வெறும் களையுமன்று: பதுவா எனப்படும் சக்கரவர்த்திக் கீரை அவர்களுக்கு அன்றைய குழம்பு, மீதிப் புல் மாட்டுக்கு. 2012 ஆகஸ்ட்டில் தோழர் பாசுதேவ் ஆச்சார்யா தலைமையிலான நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழு அளித்த அறிக்கையும், உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்ப வல்லுநர் குழுவின் பெரும்பான்மையினர் 2013இல் அளித்த அறிக்கையும் இந்நாட்டின் சிறு உடைமை வேளாண்மையைக் கருதியே எச்சரித்தன. களைக்கொல்லி தாங்கும் பயிர்கள் இந்தியச் சூழலுக்கு முற்றிலும் பொருந்தாதவை என்றது வல்லுநர் குழு. மகசூல் அட்டவணையில் 'இழந்த கூலி நாட்கள்' என்றொரு பத்தி எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் இல்லை.

விதை அல்லாத விளைச்சல்

1986இல் எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியபோது உற்பத்தி 110 லட்சம் டன்னுக்கும் குறைவு. 1990களின் நடுவில் அது 200 லட்சம் டன்னைத் தாண்டியது. இறக்குமதி நாட்டின் தேவையில் மிகச் சிறு பங்காகச் சுருங்கியது. ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குள் இரட்டிப்பு. ஒரு மரபணுவும் மாற்றப்படவில்லை. இரகங்கள் உதவின. அவற்றோடு ஆதரவு விலையும், பால்வள வாரியத்தின் சந்தைத் தலையீடும், இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்தே உழவனைத் துணியச் செய்தன.

பின்னர் நடந்தது நாம் அறிந்ததே. 1994இல் பாமாயில் இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அப்போது தீர்வை 65 சதவீதம், 1998இல் 15 சதவீதம். அதே 1998 ஆகஸ்ட்டில் தில்லியில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் நீர்க்கோவை நோய் பரவி 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கலப்படம் செய்தவர்கள் தப்ப, சில்லறையில் கடுகெண்ணெய் விற்பதே தடைசெய்யப்பட்டது. அளந்து விற்ற சிறு செக்குக்காரர்கள் நசிந்தனர். அந்த இடத்தில் புட்டி எண்ணெய் வந்து அமர்ந்தது. இன்று நமது சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. 2022–23 எண்ணெய் ஆண்டில் அதற்கான செலவு ஏறத்தாழ 1.38 லட்சம் கோடி ரூபாய்.

அந்த 2023இன் வசந்த அறுவடையில் கடுகின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,450 ரூபாய். ராஜஸ்தான் மண்டிகளில் அதற்கும் கீழே விற்றுவிட்டு உழவர்கள் தில்லி ஜந்தர் மந்தர் வரை வந்து போராடினர். உற்பத்தியில் 25 சதவீதத்துக்கு மேல் அரசு கொள்முதல் செய்யாது என்ற விதி அவர்களை அங்கே நிறுத்தியது. 2024 செப்டம்பரில் உயர்த்திய கச்சா எண்ணெய்த் தீர்வையை, 2025 மே இறுதியில், காரிப் விதைப்பு தொடங்கும் வேளையில், 20இலிருந்து 10 சதவீதமாகப் பாதியாக்கியது ஒன்றிய அரசு. விலை வீழும் என்று தெரிந்தும் ஒட்டு விதையை ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்கி 28 சதவீதம் கூடுதலாக விளைவிப்பவன், 28 சதவீதம் கூடுதலாக நட்டமடைவான்.

எனவே நமது விவசாய அமைப்புகள் முன்வைக்க வேண்டிய கோரிக்கை 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற இரண்டில் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. டி.எம்.எச்.–1, கிரிராஜ், ஆர்.எச்.–725 ஆகியவற்றோடு ஒரே வயலில், ஒரே பருவத்தில், தொடர்ந்து மூன்றாண்டு வைத்து ஒப்பிடுங்கள். நீர் குறைந்த வயலிலும் பிந்தி விதைத்த வயலிலும் வைத்துப் பாருங்கள். விதைச் செலவையும் கூலி நாட்களையும் எண்ணெய் அளவையும் அதே அட்டவணையில் எழுதுங்கள். அட்டவணையை எல்லாருக்கும் காட்டுங்கள். அப்படிப்பட்ட சோதனையில் அது வெல்லுமானால் எதிர்ப்பின் ஒரு பகுதி தானே உதிரும். களைக்கொல்லி பற்றிய எதிர்ப்பு அப்போதும் நிற்கும்.

காட்டுங்கள் என்பதைச் சற்று விளக்க வேண்டும். உயிரிப் பாதுகாப்புத் தரவுகளை வெளியிட வேண்டும் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2016 ஏப்ரலில் ஆணையிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் 133 பக்கச் சுருக்க அறிக்கை ஒன்று இணையத்தில் ஏற்றப்பட்டது. கருத்துக் கூற மக்களுக்குத் தரப்பட்ட அவகாசம் 30 நாட்கள். முழுக் கோப்பைப் பார்க்க விரும்புவோர் முன்கூட்டியே நேரம் பெற்றுத் தில்லியிலுள்ள அமைச்சக அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும். அந்தச் சுருக்க அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அதை வயலில் விதைக்க வேண்டியவர்கள் பரத்பூரிலும் அல்வாரிலும் ஹிசாரிலும் மொரேனாவிலும் இருந்தார்கள். 133 பக்கம் என்பது, அட்டவணைகளையும் சேர்த்து, தொழில் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு மூன்று வார வேலை.